முகம் காணா அவை: மின்னஞ்சல் குழுக்களில் நாகரிகம் உருவான வரலாறு



ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு எந்தச் சொல் தகும் என்பதைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் எச்சவியல் 'ஈ', 'தா', 'கொடு' ஆகிய மூன்று சொற்களையும் வேறுபடுத்துகிறது. கொடுப்பவரை நோக்கத் தாழ்ந்த நிலையில் உள்ளவர் 'ஈ' என்று கேட்பார். நிகரானவர் 'தா' என்பார். உயர்ந்த நிலையில் உள்ளவர் 'கொடு' என்பார். நன்னூலும் இதே வேறுபாட்டைக் கூறுகிறது. இவ்விதி செயற்பட ஒன்று இன்றியமையாதது. கேட்பவருக்குத் தம் எதிரில் இருப்பவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எதிரில் இருப்பவர் யார் என்றே தெரியாத ஓர் அவையை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒருவர் எழுதுவதை நூற்றுக்கணக்கானோர் தத்தம் இடத்திலிருந்து படிக்கின்றனர். அவர்களின் அகவை தெரியாது, பதவி தெரியாது, சிலருக்குப் பெயர்கூடப் புனைபெயர்தான். மின்னஞ்சல் கலந்துரையாடற் குழு என்பது இத்தகைய அவையே. ஒரு முகவரிக்கு ஒரு மடல் அனுப்பினால் அது குழுவினர் அனைவரின் அஞ்சற்பெட்டிக்கும் சென்று சேரும். இந்த அவைக்குரிய நாகரிகத்தை யாரும் முன்கூட்டி வகுத்து வைக்கவில்லை. மனத்தாங்கல்களும் இயந்திரக் கோளாறுகளும் நேர்ந்த பின்னரே அதன் விதிகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அவ்வரலாற்றையும், அவ்விதிகள் தமிழுக்கு வந்தபோது எங்கே பொருந்தாமற் போயின என்பதையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கணினிக்குக் கணினி மின்னஞ்சல் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கினார். அமெரிக்கத் தற்காப்புத் துறையின் ஆய்வு வலைப்பின்னலான ஆர்பாநெட் வழியாக அது பரவியது. 1975 ஜூன் மாதம் அத்துறையைச் சேர்ந்த ஸ்டீவ் வாக்கர் தொடங்கிவைத்த 'மெசேஜ் குரூப்' என்னும் குழுவே முதற் பெரும் மின்னஞ்சல் குழு எனலாம். ஐனார் ஸ்டெஃபரூட் அதனை ஒருங்கிணைத்தார். மின்னஞ்சல் எப்படி அமைய வேண்டும் என்பதை மின்னஞ்சல் வழியாகவே விவாதிப்பது அக்குழுவின் பணி. மடலின் தலைப்பகுதியில் எந்தெந்த விவரங்கள் இடம்பெற வேண்டும் என்பது போன்ற வறண்ட பொருள்களுக்குக்கூட அங்கே சூடான வாதங்கள் எழுந்தன. கூட்ட அறையில் ஒருவரோடொருவர் அமைதியாகப் பேசக்கூடிய பொறியாளர்கள் திரையின் முன் அமர்ந்ததும் சீறினர்.

1979 ஏப்ரலில் கெவின் மெக்கென்சி என்பவர் அக்குழுவுக்கு ஒரு யோசனை எழுதினார். எழுத்தில் குரலின் ஏற்ற இறக்கம் இல்லை, முகக்குறிப்பு இல்லை. ஆகவே விளையாட்டாகச் சொல்வதைக் காட்ட ஒரு சிறுகோட்டையும் ஒரு பிறை அடைப்பையும் வாக்கியத்தின் இறுதியில் இடலாமே என்றார். நல்ல எழுத்தாளனுக்கு இத்தகைய ஊன்றுகோல் தேவையில்லை என்று சிலர் அவரை மறுத்தனர். மறுத்தவர்களின் வாதத்தை எளிதில் தள்ள இயலாது. சிரிப்பையும் சினத்தையும் சொற்களாலேயே உணர்த்திய கடித இலக்கியம் பல மொழிகளில் உண்டு. ஆயினும் அக்கடிதங்கள் ஒருவரையொருவர் அறிந்தோருக்கிடையில் எழுதப்பட்டவை என்பதை அவர்கள் மறந்துவிட்டனர்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மின்னறிவிப்புப் பலகையில் நிகழ்ந்ததைப் பாருங்கள். மின்தூக்கி அறுந்து தடையின்றி விழுந்தால் அதனுள் எரியும் மெழுகுவத்திக்கும் ஒரு துளிப் பாதரசத்துக்கும் என்ன ஆகும் என்று இயற்பியற் புதிர் ஒன்றைச் சிலர் எழுப்பினர். அதைத் தொடர்ந்து ஒருவர் வேடிக்கையாக, ஆய்வு ஒன்றின் விளைவாக மின்தூக்கி ஒன்றில் பாதரசம் சிந்திவிட்டது என அறிவிப்பைப் போலவே எழுதினார். முந்திய மடல்களைப் படிக்காதவர்கள் அதனை உண்மையான எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டனர். இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறை அடைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகம் ஒன்றை முன்மொழிந்தார். இன்று நம் கைப்பேசிகளில் நிறைந்திருக்கும் முகக்குறிகளுக்கு மூதாதை அது. தவறான புரிதலுக்கான மருந்தாகவே அது பிறந்தது, அழகுக்காக அன்று.

ஃபால்மன் ஏன் முகத்தின் வடிவத்தைத் தேர்ந்தார் என்பதை மொழியியல் விளக்க இயலும். பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்ட பணிவுக் கோட்பாட்டின் நடுநாயகமாக விளங்கும் கருத்து 'முகம்' என்பதே. ஒவ்வொருவரும் பிறர்முன் தமக்கென ஒரு மதிப்பைப் பேணுகின்றனர். வேண்டுகோள், மறுப்பு, கண்டனம் ஆகிய ஒவ்வொன்றும் அம்மதிப்பைச் சிறிதேனும் உரசுகிறது. அந்த உரசலைத் தணிக்கவே மொழிகள் பணிவு வடிவங்களை வளர்த்துக்கொண்டன என்பது அவர்களின் கருத்து. அவர்கள் சான்றுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலமும் மெக்சிகோவின் ட்செல்டால் மொழியும் மற்றவை. தமிழ்ச் சான்றுகள் கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்டவை.

நம் வழக்கில் இக்கருத்து புதிதன்று. முகங்கொடுத்துப் பேசுதல், முகத்தில் அடித்தாற்போல் சொல்லுதல் என்கிறோம். நேரில் நின்று கேட்பவரிடம் மறுத்துச் சொல்லத் தயங்குவதை முகதாட்சண்யம் என்கிறோம். ஓலைக்கே திருமுகம் என்று பெயரிட்ட மொழி இது. வர இயலாதவரின் முகமாக அவ்வோலை சென்றது. மின்னஞ்சல் குழுவில் முகம் இல்லை; ஆதலின் முகதாட்சண்யமும் இல்லை. குழு நாகரிகம் என்று பின்னர் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இந்த ஒரு குறையை ஈடுசெய்யும் முயற்சியே.

மறுபகுதி இயந்திரங்களால் வந்தது. அதனை விரைவாகச் சொல்லிவிடலாம். அக்காலத் திரைகள் ஒரு வரியில் 80 எழுத்துகளையே காட்டின. ஆகவே வரியை 65 எழுத்துகளுக்குள் அடக்குமாறு கேட்டுக்கொண்டனர். பிறர் மடலை எடுத்துக்காட்டும்போது ஒவ்வொரு வரியின் முன்னும் ஒரு குறி சேரும்; மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினால் வரி திரையைத் தாண்டிவிடும். தொலைபேசி வழியாக மெதுவாக இறங்கும் மடலில் பழைய மடல் முழுவதையும் திரும்ப ஒட்டி, அடியில் 'ஆம்' என்று மட்டும் எழுதுவது பிறர் பணத்தைச் செலவழிப்பதற்கு ஒப்பாயிற்று. 1986இல் எரிக் தாமஸ் என்னும் பாரிஸ் மாணவர் எழுதிய 'லிஸ்ட்செர்வ்' நிரல், குழுவில் சேர்ப்பதையும் நீக்குவதையும் தானே செய்தது. அதன்பின், 'என்னை நீக்குங்கள்' என்ற மடலை நிரலின் முகவரிக்கு அனுப்பாமல் குழுவின் முகவரிக்கு அனுப்பிவிடும் புதியவர்கள் ஓயாத தலைவலி ஆயினர். வரவேற்பு மடலைப் பத்திரப்படுத்துங்கள் என்ற அறிவுரை அவ்வாறு பிறந்தது.

ராண்ட் நிறுவனத்தின் நார்மன் ஷப்பிரோவும் ராபர்ட் ஆண்டர்சனும் 1985இல் எழுதிய அறிக்கை, மின்னஞ்சல் ஒழுக்கத்தை முறையாக ஆராய்ந்த முதல் முயற்சிகளுள் ஒன்று. ஒரு மடல் உங்களுக்குச் சினமூட்டினால் அதை மறுபடி படியுங்கள். உணர்ச்சிவயப்பட்ட நிலையில் பதில் எழுதாதீர்கள் என்பவை அதன் அறிவுரைகளுள் அடங்கும். எழுதியவரின் கருத்தைவிட நாம் கற்பித்துக்கொண்ட தொனியே நம்மைச் சுட்டிருக்கக்கூடும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

இவ்வறிவுரைகள் ஒரு சிறு கூட்டத்துக்குள் வழங்கிய வரை எழுத்து வடிவ விதிகளுக்கு மிகுந்த தேவை ஏற்படவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேரும்போது குழுக்களில் சிறிது அமளி இருக்கும். ஓரிரு மாதங்களில் மூத்தோர் அவர்களைப் பழக்கிவிடுவர். 1993, 1994ஆம் ஆண்டுகளில் வணிக நிறுவனங்கள் பொதுமக்களுக்கு இணைப்பை வழங்கத் தொடங்கியதும் புதியவர் வருகை நிற்கவே இல்லை. 'முடிவிலாச் செப்டம்பர்' என்று பழையவர்கள் அதற்குக் கசப்போடு பெயரிட்டனர். 1994 ஏப்ரலில் இரு வழக்கறிஞர்கள் குடியேற்ற அனுமதி பற்றிய தம் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரே வீச்சில் இட்டனர். 1978இலேயே கணினி நிறுவன விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு விளம்பர மடல் அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தார். எனினும் அன்று கண்டனம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1994இல் அது போதவில்லை.

1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த 'ஆர்.எஃப்.சி. 1855' என்னும் ஆவணம் இப்பின்னணியில் வெளிவந்தது. இணையத் தொழில்நுட்ப விதிகள் வெளியாகும் அதே வரிசையில் நன்னடத்தை விதிகளும் இடம்பெற்றன. குழுவில் சேர்ந்ததும் ஒன்றிரண்டு மாதங்கள் படித்துக்கொண்டு மட்டும் இருங்கள் என்கிறது அது. சினம் வந்தால் ஓர் இரவு கழியட்டும். இருவருக்கிடையிலான பிணக்கு தனிமடலுக்குப் போகட்டும். கையொப்பப் பகுதி நான்கு வரிக்கு மேல் நீள வேண்டாம். (தமிழ்க் குழுக்களில் கையொப்பமாகக் குறள் இட்டவர்கள் இரண்டடியோடு தப்பித்தார்கள்.) அனுப்புவதில் கட்டுப்பாடும் பெறுவதில் தாராளமும் வேண்டும் என்னும் கருத்தும் அதில் உண்டு. இணையக் கணினிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதற்காக ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்த பொறியியல் நெறி அது. மனிதருக்கும் பொருந்துமெனக் கண்டு எடுத்தாண்டனர்.

இவ்விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவோரை மனத்தில் கொண்டவை. அதே ஆண்டுகளில்தான் தமிழர்களும் மின்னஞ்சல் குழுக்களில் கூடத் தொடங்கினர். மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை நடத்திய 'தமிழ்.நெட்', சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த மருத்துவர் ஜெயபாரதி நடத்திய 'அகத்தியர்' ஆகியவற்றை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பர். தமிழ் வரலாற்றில் முதன்முறையாக யாழ்ப்பாணத்தாரும் தஞ்சையாரும் ஈப்போக்காரரும் சிங்கப்பூரரும் நாள்தோறும் ஓர் அவையில் எழுதினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

முதல் முரண்பாடு எழுத்திலேயே தோன்றியது. ஆங்கிலக் குழுக்களில் பெரிய எழுத்துகளால் எழுதுவது கூச்சலிடுவதற்கு ஒப்பு. தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதிருந்த அந்நாளில் பலர் தமிழை ரோமன் எழுத்துகளில் எழுதினர். அவ்வெழுத்துமுறைகளில் பெரிய 'எல்' ளகரத்தைக் குறித்தது. பெரிய 'என்' ணகரத்தைக் குறித்தது. 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் இடையே அந்தப் பெரிய எழுத்து ஒன்றே வேலியாக நின்றது. ஆங்கில நாகரிகத்தின்படி அடங்கிப் பேசினால் பள்ளி பல்லியாகிவிடும்! ஒரு மொழியில் குரலின் அளவைக் காட்டும் குறி மற்றொரு மொழியில் பொருளையே வேறுபடுத்தும் ஒலியனுக்கு உரியதாயிற்று. ஒலியன் என்றால் என்னவென்று மாணவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் வகுப்பில் பயன்படுத்தியதில்லை.

இரண்டாம் முரண்பாடு ஆழமானது. ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழில் எழுதத் தொடங்கியதும் எதிரில் இருப்பவரை ஒரு நிலையில் நிறுத்தியாக வேண்டும்; இலக்கணம் விலக்கு அளிக்காது. ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே குறித்திருக்கிறார். அகவை தெரியாத இடத்தில் 'நீங்கள்' என்பதே பாதுகாப்பு எனப் பெரும்பாலோர் முடிவு செய்தனர். ஆயினும் யாழ்ப்பாண வழக்கில் 'நீ'க்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவே 'நீர்' உண்டு. நிகரானவரை நட்போடும் மதிப்போடும் விளிக்கும் சொல் அது. தமிழ்நாட்டாருக்கும் மலேசியத் தமிழருக்கும் அதே சொல் நாடகத்தில் அரசன் அதட்டுவது போல ஒலித்தது. 'நீர் சொல்வது சரியன்று' என்று ஒருவர் அன்போடு எழுத, மற்றவர் 'என்னை நீர் என்பதா?' என்று கொதித்ததை நானே ஒரு குழுவில் படித்திருக்கிறேன். மடல் எழுதியவர் செய்த குற்றம் அவருடைய ஊர் வழக்கில் எழுதியதுதான்.

வேண்டுகோளும் அவ்வாறே. 'கட்டுரையை அனுப்பவும்' என்பது கடித மரபில் பணிவான தொடராகக் கருதப்பட்டது. அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் வழங்கி வழங்கி அதில் ஆணையின் வாடை ஏறிவிட்டது. ஆகவே குழுக்களில் 'அனுப்பினால் நன்று', 'அனுப்ப இயலுமா', 'அனுப்பி உதவ வேண்டுகிறேன்' என்று நீளும் வடிவங்கள் பெருகின. சொல் நீள நீளப் பணிவு கூடும் என்பது பிரவுன், லெவின்சன் ஆகியோரின் கணிப்போடு ஒத்துவருகிறது. 'சுருக்கமாக எழுதுக' என்னும் ஆங்கிலக் குழு விதியோடு அது மோதியது. இங்கே நான் நீண்ட வடிவத்தின் பக்கமே நிற்பேன். இரண்டு சொற்கள் மிகுவதால் எந்த அஞ்சற்பெட்டியும் நிறைந்துவிடாது.

குழுவினர் இந்நாகரிகத்துக்கு வேண்டிய சொற்களையும் ஆக்கிக்கொண்டனர். இருவர் மட்டும் படிப்பது 'தனிமடல்'. ஒரு பொருள் பற்றித் தொடரும் மடல்கள் 'இழை'. எல்லை மீறாமல் பார்த்துக்கொள்பவர் 'மட்டுறுத்துநர்'. கடைசிச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. அளவுக்குள் நிறுத்துதல் என்பதே அதன் பொருள். தணிக்கை என்ற கருத்து அதில் இல்லை.

இந்த நாகரிகம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது தமிழ் எழுத்துக் குறியாக்க விவாதத்தில். 1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. முரசு அஞ்சலில் எழுதிய மடல் மயிலை எழுத்துருவில் விளங்காது. 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் இச்சிக்கல் பேசப்பட்டது. அதன்பின் மின்னஞ்சல் குழுவிலேயே முத்து நெடுமாறன், கு. கல்யாணசுந்தரம் முதலியோர் பங்குகொண்ட நீண்ட விவாதத்தின் வழியே 'திஸ்கி' என்னும் பொதுக் குறியாக்கம் உருவானது. பங்கேற்றோருள் சிலர் தாமே எழுத்துரு ஆக்கியவர்கள். பொதுத் தரத்தை ஏற்பதென்றால் தம் உழைப்பின் ஒரு பகுதியைக் கைவிட வேண்டும். 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு 'தாம்', 'தாப்' என வேறு தரங்களை அறிவித்தது. ஒருங்குறியோ தனிப் பாதையில் வளர்ந்துகொண்டிருந்தது. ஆகவே சினத்துக்குக் காரணம் நிறைய இருந்தது. வாதங்கள் கடுமையாகவே இருந்தன. ஆயினும் எதிர்வாதத்தின் உரிய வரியை மட்டும் எடுத்துக்காட்டி அதற்கு நேரே பதில் எழுதும் பழக்கம், பேச்சை ஆளிடமிருந்து பொருளுக்குத் திருப்பியது. இயந்திரத்தின் இடநெருக்கடியால் பிறந்த அவ்விதி இங்கே வேறொரு பயனைத் தந்தது. எதிரியின் சொல்லை அவர் எழுதியபடியே முன்வைத்துப் பேச வேண்டியிருந்ததால் அதனைத் திரித்துக் கூற இயலவில்லை. நம் பழைய உரையாசிரியர்கள் பிறர் கொள்கையைக் கூறி மறுக்கும் முறைக்கு இது நெருங்கிய உறவு.

இன்று பள்ளிகளில் பெற்றோர் குழுவும் மாணவர் குழுவும் கைப்பேசிச் செயலிகளுக்கு மாறிவிட்டன. அங்கே மடலுக்கு மேல்வரி இல்லை, இழை இல்லை. ஓர் இரவு காத்திருக்க இடமும் இல்லை, ஏனெனில் படித்துவிட்டோம் என்பதை நீலக்குறி அடுத்தவருக்குக் காட்டிவிடுகிறது. காத்திருப்பதே அங்கு அவமதிப்பாகக் கொள்ளப்படுகிறது. மின்னஞ்சல் தந்த அவகாசத்தை நாம் இழந்துவிட்டோம் என்றே நினைக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஆசிரியருக்கு இரவு பத்து மணிக்கு 'பதில் எங்கே' என்று எழுதுகிறார் என்றால், 'ஈ', 'தா', 'கொடு' ஆகியவற்றுள் எதைப் பயன்படுத்துவது என்று அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதே காரணம்.

ஆராய்ச்சியாளனாக எனக்கு வேறொரு கவலை உண்டு. ஃபால்மனின் 1982ஆம் ஆண்டு மடல் பல காலம் தொலைந்திருந்தது. 2002இல் பழைய சேமிப்பு நாடாக்களைத் தேடிப் படித்து அதனை மீட்டனர். தமிழ்க் குழுக்கள் பல இயங்கிய யாகூ குழுமச் சேவை 2020 டிசம்பர் 15 அன்று முற்றாக மூடப்பட்டது. உலகத் தமிழர் முதன்முதலாக ஒருவரோடொருவர் எழுத்தில் பழகிய சான்றுகளுள் எஞ்சியவை இன்று தனியார் கணினிகளிலும் வட்டுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆசிரியர்களே, உங்கள் பகுதியில் அக்குழுக்களில் எழுதிய பெரியவர்கள் இருப்பின், மாணவர்களை அவர்களிடம் அனுப்பி, உரியவரின் இசைவோடு அம்மடல்களைப் படியெடுத்து வையுங்கள். பட்டப்படிப்பு ஆய்வுக்கு அதிலே போதிய பொருள் உண்டு.

என்னிடமும் சில நூறு மடல்கள் உள்ளன. இன்றைய கணினியில் திறந்தால் தமிழ்ப் பகுதி முழுவதும் விளங்காத குறிகளாகத் தெரிகிறது. படிக்க இயல்வது ஆங்கில எழுத்துகளில் உள்ள தேதி, அனுப்புநர் பெயர், அத்துடன் மடலின் உச்சியில் அடைப்புக்குறிக்குள் இட்ட ஒரு குறிப்பு: இம்மடல் திஸ்கியில் உள்ளது. பெறுபவர் திணறக்கூடாது என்பதற்காக அன்று நல்லவர்கள் எழுதி வைத்த வரி அது. எந்த மாற்றியில் இட்டால் மடல் மீண்டும் தமிழாகும் என்பதை இன்று அந்த ஒரு வரிதான் சொல்கிறது.